மூன்று வாரம்

பிப்ரவரியிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது அந்தப் படிவம்,
மீன் வடிவக் காந்தத்தின் அடியில்.
இரண்டே கட்டங்கள்:
இந்த ஆண்டு. அடுத்த ஆண்டு.
பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம்
ஒருமுறை படபடத்து அடங்கும்.

செப்டம்பர் ஒன்றுக்குள் ஐந்து வயது முடிய வேண்டும்.
எல்லிஸுக்கு ஆகஸ்ட் இருபத்தொன்பதில் முடிகிறது.
சட்டத்தின் கணக்கில்
மூன்று நாள் வித்தியாசத்தில் பெரியவன்.

துறைமுகத்துக் கப்பல்களைச்
சங்கொலி கேட்டே பெயர் சொல்வான்.
கோட்டின் ஜிப்பை மட்டும் இழுக்க வராது.
நாற்காலி தரையில் உரசினால்
இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வான்.

"காப்பகத்துக்கு இன்னொரு வருடம் கட்டினால்
லாரித் தவணையும் கூரைத் தவணையும் சேர்ந்த தொகை,
பள்ளிக்கூடம் இலவசம், மாரிட்"
என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்புகிறான் கர்ட்.
"வகுப்பில் நானும் கடைக்குட்டிதான்.
எனக்கென்ன ஆகிவிட்டது?"

ஒன்றும் ஆகவில்லை.
எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட
ஓரமாகத்தான் நிற்கிறான்,
யாரோ கொஞ்சம் நகரச் சொன்னதுபோல.

எதிர்வீட்டு மார்னி இரண்டு பையன்களையும்
ஒரு வருடம் நிறுத்தித்தான் அனுப்பினாள்.
"ஹாக்கிக்குத் தோள் வேண்டும்" என்றாள்,
என் மகனின் தோளைப் பார்த்துக்கொண்டே.

ஏப்ரலில் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.
டுலூத்தில் அப்போதும் பனி உருகவில்லை.
லிண்ட்க்விஸ்ட் டீச்சர் கேட்டார்:
குளிரினால் என்ன செய்வாய்?
"அப்பா பக்கத்துல போய் உக்காந்துக்குவேன்."
பென்சில் காற்றில் நின்றது சற்றுநேரம்.
கோட்டு என்பதுதான் விடையாம்.

ஒரு மனிதரை வரை என்றார்.
தாளின் நடுவில் ஒரு தொப்பி வரைந்தான்,
பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.
மிச்ச ஆள் எங்கே?
"பனிக்கு அடியில இருக்கார்."
கண் இல்லை, கை இல்லை, கால் இல்லை என்று
டீச்சர் எண்ணிக் குறித்துக்கொண்டதைத்
தலைகீழாகப் படித்தேன்.

இரவுப் பணி எனக்கு, மருத்துவமனை ஆய்வகத்தில்.
முகம் தெரியாதவர்களின் ரத்தம்
குழாய்களில் வரிசையாக வரும்.
இரண்டு மாடி மேலே
ஐந்து வருடத்துக்கு முன் நான் படுத்திருந்த வார்டு.
ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியதும்
இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.
அன்றைக்கும் ஒரு படிவம்,
அன்றைக்கும் என் கையெழுத்து.
தூங்குகிறவனை எழுப்பி
மணி என்ன என்று கேட்டால் விழிப்பானே,
அந்த முகத்தோடு வெளியே வந்தான்.
பத்து மாதக் கணக்கில்
நான் அவனுக்கு மூன்று வாரம் பாக்கி.

இதையெல்லாம் கர்ட்டிடம் சொல்லவில்லை.
கூரையிலிருந்து சொட்டுவதை இருவருமே கேட்கிறோம்.
ஞாயிறு பின்னிரவில்
முதல் கட்டத்தில் டிக் அடித்து,
நிரப்ப வேண்டியதை நிரப்பி,
உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் படுத்தேன்.
நல்ல தூக்கம்.

திங்கட்கிழமை பள்ளி அலுவலகம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அந்தப் பெண் படிவத்தை இருமுறை பார்த்தாள்.
"இந்தத் தேதிப்படி
உங்கள் பையனுக்கு இந்த ஆண்டு இடம் கிடையாதே?"
எட்டிப் பார்த்தேன்.
பிறந்த தேதி என்ற இடத்தில்
என் கையெழுத்தில், கொஞ்சமும் நடுக்கமில்லாமல்,
செப்டம்பர் பத்தொன்பது.
டாக்டர் முதலில் குறித்துக்கொடுத்த நாள்.

"தவறுதலா? பரவாயில்லை,
அடித்துவிட்டுப் பக்கத்தில் இனிஷியல் போடுங்கள்"
பேனாவை நீட்டினாள்.
நூல் கட்டிய பேனா. தூரம் போகாது.

வெளியே பெஞ்சில் எல்லிஸ்
ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்,
நாக்கை ஓரமாகத் துருத்தி.
பாதிவரை ஏறியிருந்தது.
நான் போய் இழுத்துவிடவில்லை.

புதுப் படிவம் ஒன்று இருக்குமா
என்று கேட்டேன்.